பொதுச் சுவர்

'இடத்தை அடைக்காத பொருள்' என்று யாராவது எதையாவது புகழ்ந்தால், எனக்கு உடனே ஒரு சந்தேகம் எழுந்துவிடுகிறது. இடத்தை அடைக்கவில்லை, சரி; வேறு எதை அடைக்கிறது? மடக்கு நாற்காலியும் ஒரு மூலையைக் கேட்கத்தான் செய்கிறது. பரணில் ஏற்றிய அண்டா கண்ணுக்கு மறைகிறதே தவிர, வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. ஒரு பொருள் நம் பார்வை படாத இடத்துக்குப் போய்விட்டால், அது இடமே எடுத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கண்ணுக்கு மறைந்தது கணக்குக்கும் மறைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது, வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான ஒலிபெருக்கிகளைச் சுவரிலும் தரையிலும் பதித்துவிடும் வழக்கம். ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டி கூடத்தில் ஒரு பலகையின் மேல், பூவேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு, வீட்டுக்கு மூத்த பிள்ளையைப் போல் உட்கார்ந்திருந்தது. பிறகு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள் வந்தன. பிறகு ஐந்து வந்தன. இப்போது பெட்டியே வேண்டாம் என்கிறார்கள். சுவரைக் குடைந்து ஒலிபெருக்கியை உள்ளே வைத்து, மேலே வலைத்தகடு பொருத்தி, சுவரின் வண்ணத்தையே அதற்கும் பூசிவிட்டால், பாட்டு வருகிறது. பாடுகிற பொருளைக் காணோம். தாழ்ந்த சுருதிக்கென்று உள்ள பெரிய ஒலிபெருக்கியைத் தரைக்குள் இறக்கி, மேலே கம்பிச் சட்டம் போட்டு மூடிவிடுவதும் உண்டு.

இதைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விழுப்புரத்தைச் சுற்றியும் திண்டிவனத்தைச் சுற்றியும் வயல்கள் 'நகர்'களாக மாறிக்கொண்டிருக்கின்றன. அங்கே அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை வாங்கி வீடு எழுப்புவதற்குள் ஒரு குமாஸ்தாவின் ஆயுட்காலச் சேமிப்பு கரைந்துவிடுகிறது. வண்டி நிறுத்துவதற்கு, மாடிப்படிக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு என்று விட்டது போக, கூடமாக மிஞ்சுவது பத்துக்குப் பன்னிரண்டு. அதிலேதான் சோபா, தொலைக்காட்சி, பீரோ, கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த தாயாரின் கட்டில், எல்லாம். இந்த நெரிசலில் இரண்டு பெட்டிகளை நீக்கிவிட்டால் நான்கு சதுர அடி மிச்சமாகும். நான்கு சதுர அடி என்பது ஒரு குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதும் இடம். அதை அற்பம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சுவருக்குள் இடம் தேடுவதும் நமக்குப் புதிதல்ல. பழைய வீடுகளில் விளக்குக்கு மாடம் இருந்தது. சுவரிலேயே அலமாரி இருந்தது. இன்னும் பின்னால் போனால், கட்டடமே குடைந்து எடுத்ததாக இருந்தது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பாறையை மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைந்து கோயிலாக்கினான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். 'விசித்திரசித்தன்' என்ற அவனுடைய பட்டப் பெயர் அங்கே இருக்கிறது. அந்தச் சிறிய குகையின் முன் நின்றால், இல்லாத இடத்தை உண்டாக்குவதில் மனிதனுக்கு உள்ள ஆனந்தம் எவ்வளவு பழமையானது என்பது புரியும்.

ஆனால் ஒன்று. அந்தப் பாறைக்கு மறுபக்கத்தில் குடித்தனக்காரர் யாரும் இல்லை. மகேந்திரவர்மன் எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் குடைந்திருக்கலாம். நாம் பாறையில் வசிப்பதில்லை. நம் சுவருக்கு மறுபக்கம் என்று ஒன்று உண்டு.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மிருதங்கத்துக்கு இரண்டு முகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒலிபெருக்கிக்கும் இரண்டு முகம் உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. ஏனென்றால் அதன் ஒரு முகத்தைத்தான் நாம் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளுகிற அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்கம் எவ்வளவு ஓசை எழுகிறதோ, பின்பக்கமும் அவ்வளவு எழுகிறது. கூம்பைத் திறந்த வெளியில் தொங்கவிட்டால், பின்னோசை ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து முன்னோசையை விழுங்கிவிடும்; முக்கியமாகத் தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடும். இன்றைய ஒலிபெருக்கியின் மூல வடிவத்தை ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-ல் விளக்கி எழுதிய காலத்திலேயே இந்தத் தொல்லையும் தெரிந்திருந்தது. அதற்கு மருந்தும் தெரிந்திருந்தது. இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு தட்டி வைக்க வேண்டும். தட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. வீட்டில் இருக்கிற தட்டிகளிலே மிகப் பெரியது எது? சுவர்.

ஆகவே, சுவரில் பதித்தால் ஓசை நன்றாக இருக்கும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. முன்னோசை முழுவதும் நமக்கே கிடைக்கிறது. ஆனால் பின்னோசை எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா? அதை அடைத்து வைக்கப் பின்னால் நல்ல பெட்டி இல்லையென்றால், அது மறுபக்கம் போயிற்று.

இந்த முறை செழித்து வளர்ந்த அமெரிக்காவில் வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச் சட்டங்களின் இருபுறமும் பலகை அறைந்த சுவர். உள்ளே வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தில் ஒலிபெருக்கியைச் செருகிவிடலாம். நம்முடையதோ செங்கல் சுவர். உளி வைத்துக் கொத்தித்தான் இடம் பண்ண வேண்டும். இருபுறமும் பூசிய 9 அங்குலச் சுவர் ஓசையைச் சுமார் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். பாதிக் கனத்தைக் கொத்தி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் தடுக்கும் சக்தி ஐந்தாறு டெசிபலாவது குறையும். தாழ்ந்த சுருதிக்கோ முழுச் சுவர்கூட அவ்வளவு பெரிய தடையில்லை. நொடிக்கு 50 தடவை அதிரும் ஓசையின் ஓர் அலை ஏறக்குறைய 23 அடி நீளம். பன்னிரண்டு அடிக் கூடத்துக்குள் 23 அடி அலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா?

தரையில் பதிப்பதும் அப்படித்தான். மாடிவீட்டுக்காரருக்கு எது தரையோ, அதுவே கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை.

நிலம் வாங்கும்போது பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோம். கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு, வடக்கே இன்னார் வீடு, தெற்கே சந்து என்று நான்கு எல்லையும் வாசித்துக் கேட்டுத் திருப்தியான பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். ஓர் அடி இடம் தப்பிப் போனால் கோர்ட் வரைக்கும் போகிறோம். ஆனால் ஓசைக்குச் செக்குபந்தி எழுதுவதில்லை. அதை மனிதனேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பாட்டென்றால் உயிர். அவருடைய தகப்பனார் காலத்து வீட்டை அண்ணனும் தம்பியுமாகப் பாகம் பிரித்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். பாகப் பத்திரத்தில் அதற்குப் பெயர் 'பொதுச் சுவர்'. நண்பர் தம்பி. தம் பாகத்தைப் புதுப்பித்தபோது, கூடத்தின் நீளச் சுவரில் இரண்டு ஒலிபெருக்கிகள் பதிக்க ஏற்பாடு செய்தார். நீளச் சுவர் என்பது அந்தப் பொதுச் சுவர்தான். நான் போயிருந்த அன்று சாக்குக்கட்டியால் இரண்டு சதுரங்கள் வரைந்தாகிவிட்டது. கொத்தனார் மட்டும் உளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"ஐயா, பொதுச் சுவராச்சே. பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாங்களா?"

"எதுக்கு? என் பக்கத்திலேதானே கொத்தப் போறே? பாதிச் சுவர் என்னோடது."

"பாதிச் சுவர்னு ஒண்ணு இல்லீங்க. இந்தப் பக்கம் தட்டினா முழுச் சுவரும்தான் அதிரும்."

எத்தனையோ அற நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்கிற விஷயத்தை அந்த மனிதர் உளியைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டார். நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "கொத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒலிபெருக்கியை இந்தச் சுவரோடு ஒட்டி வைத்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கிற அளவிலே பாடவிடுங்கள். பிறகு உங்கள் அண்ணா வீட்டுக் கூடத்திலே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வீட்டு வாசப்படி மிதிச்சு நாலு வருஷம் ஆச்சு, சார்" என்றார்.

"நீங்கள் போகாத வீட்டுக்கு உங்கள் பாட்டு மட்டும் போகலாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று உளி சுவரில் இறங்கவில்லை. ஒலிபெருக்கிகளைத் தெருப் பக்கத்துச் சுவரோரம் பலகை போட்டு வைத்துக்கொண்டார் என்று பின்னால் அறிந்தேன். அண்ணன் வீட்டுக்குப் போனாரா என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்களுடைய விஷயம்.

என் மனத்தில் நின்றது அந்தக் கேள்விதான். நாம் ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் வாசலில் நின்று குரல் கொடுக்கிறோம். கடிதம் எழுதினால் பிரிப்பதும் பிரிக்காததும் அவர் இஷ்டம். ஓசை ஒன்றுதான் கதவைத் தட்டாமல் போகிறது. கண்ணுக்கு இமையைக் கொடுத்த இயற்கை காதுக்குக் கொடுக்கவில்லை. ஆகையால் கேட்கிறவன் மூடிக்கொள்ள முடியாது. எழுப்புகிறவன்தான் மூடிவைக்க வேண்டும்.

'இதற்குத்தான் சட்டம் இருக்கிறதே' என்று சொல்லலாம். இருக்கிறது. மத்திய சர்க்கார் 2000-ல் ஒலி மாசு விதிகளை வகுத்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. சொந்த வீட்டில் வைத்திருக்கும் பாட்டுக் கருவியின் ஓசை, அந்த வீட்டு எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது என்றும் விதி சொல்கிறது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒலி மாசு பற்றி விரிவான தீர்ப்பு வழங்கியது. எல்லாம் நல்லவையே. ஆனால் சட்டத்துக்கு ஒரு குறை உண்டு. அதற்குக் கடிகாரம் தெரியும், ஆளைத் தெரியாது.

விழுப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் ரயில் பாதை பிரிகிற ஜங்ஷன் அது. இராத்திரி முழுவதும் வண்டிகள் வருகின்றன, போகின்றன. நாம் மேல் பலகையில் ஏறிப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போகிறோமே, அதற்காக எஞ்சினில் ஒருவர் கண் கொட்டாமல் சிக்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறார். அவர் காலையில் வீடு திரும்பிப் படுக்கிற நேரம்தான் நமக்குப் பகல். சட்டத்தின்படி அது பாட்டுக் கேட்கத் தடையில்லாத நேரம். அடுத்த வீட்டுச் சுவர் அவர் தலைமாட்டில் திம் திம் என்று அதிர்ந்துகொண்டே இருந்தால், அவர் எங்கே போய் முறையிடுவது? எந்த விதியும் மீறப்படவில்லை. மீறப்பட்டது அவருடைய தூக்கம் மட்டும்தான். அன்றிரவு அவரை நம்பி வண்டியில் ஏறப் போகிறவர்களில் பாட்டுக் கேட்டவரும் ஒருவராக இருக்கலாம்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. 'ஊரிலே ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி. தேர்தல் வந்தால் தெருவெல்லாம் ஒலிபெருக்கி. இத்தனை கூச்சலில் என் வீட்டுச் சுவர்தானா உங்கள் கண்ணில் பட்டது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கூச்சல்களையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கல்யாண வீட்டுக் குழாய் யார் வீட்டுடையது என்று தெரியும். எப்போது இறக்குவார்கள் என்றும் தெரியும். பரீட்சைக்குப் படிக்கிற பையன் போய், "அண்ணே, கொஞ்சம் குறைச்சு வையுங்க" என்று கேட்க முடியும். நம் ஊர் டீக்கடைகளில் மண் பானைக்குள் ஸ்பீக்கரை வைத்துப் பாடவிடுவார்களே, பார்த்திருப்பீர்கள். பானையின் வயிறு தாழ்ந்த சுருதியைத் திரட்டிக் கொடுக்கும். அந்தப் பானை 'இதோ நான் இருக்கிறேன்' என்று எல்லோர் கண்ணுக்கும் எதிரே உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பொருளிடம் கோபித்துக்கொள்ளலாம், சமாதானமும் ஆகலாம். சுவருக்குள் புதைந்த ஓசையிடம் என்ன செய்வது? மறுபக்கத்தில் இருக்கிறவருக்கு அவருடைய சொந்தச் சுவரே பேச ஆரம்பித்துவிடுகிறது. முகம் இல்லாத தொந்தரவு, முகம் உள்ள தொந்தரவைவிடக் கொடியது.

அப்படியானால் சிறிய வீட்டுக்காரன் பாட்டே கேட்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பெரிய தோட்டத்தின் நடுவே பங்களா கட்டிக்கொண்டவனுக்குச் சங்கீதமும் மௌனமும் இரண்டும் கிடைக்கின்றன. நெருக்கமாக வாழ்கிறவனுக்கு இரண்டும் அருமை. அவனிடம் போய் 'மௌனமாக இரு' என்று உபதேசம் செய்வது வசதி படைத்தவனின் வேலை. எனக்கு ஆறுதலாகத் தோன்றுவது ஒலிபெருக்கியின் வரலாற்றிலேயே உள்ள வேறொரு நிகழ்ச்சி.

நல்ல தாழ்ந்த சுருதி வேண்டுமென்றால் ஆளுயரப் பெட்டி வேண்டும், அல்லது சுவரையே குடைய வேண்டும் என்று ஒலிப் பிரியர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1954-ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் வேறு விதமாக யோசித்தார். சுவரைத் தொடாமல் பெட்டியைச் சுருக்கினார். சிறிய பெட்டி, காற்றுப் புகாமல் நன்றாக அடைத்த பெட்டி. கூம்பின் பின்னோசை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. அகப்பட்ட காற்று சும்மா இருக்கவில்லை. கூம்புக்குப் பின்னால் ஒரு வில்லைப் போல இருந்து, அதன் அசைவைச் சீராக்கியது. அதுவரை பெரிய பெட்டிகளும் கொடுக்காத தெளிவான தாழ்ந்த சுருதியை, அலமாரித் தட்டில் வைக்கக்கூடிய ஒரு சின்னப் பெட்டி கொடுத்தது.

இதில் எனக்குத் தெரிவது வெறும் பௌதிகம் அல்ல. தன் முதுகுப்புறத்து ஓசையைத் தானே அடக்கிக்கொண்ட கருவிக்கு அந்த அடக்கமே பலமாயிற்று. பிறர் தலையில் இறக்கி வைக்காமல் தனக்குள்ளேயே தாங்கிக்கொண்டதால் அதன் முன்முகத்துக் குரல் சுத்தமாயிற்று. நம்முடைய ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் இப்படி ஒரு பின்முகம் இருக்கிறது. நம் அடுப்புக்குப் புகை உண்டு. நம் விருந்துக்கு எச்சில் இலை உண்டு. நம் வண்டிக்குத் தூசி உண்டு. முன்முகத்தை நாம் வைத்துக்கொண்டு பின்முகத்தை அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவதைத்தான் பல சமயங்களில் 'வசதி' என்று அழைக்கிறோம். பின்முகத்தையும் நம் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுகிறவனைத்தான் நாகரிகம் உள்ளவன் என்று சொல்ல வேண்டும்.

வள்ளுவர் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் வைத்தார். பிறரைப் பார்த்த மாத்திரத்தில் கண் வழியே பிறக்கிற இரக்கம் அது. பார்த்தால்தானே பிறக்கும்? நடுவில் சுவர் இருக்கிறது. மறுபக்கத்தில் கிழவர் இருமிக்கொண்டு படுத்திருப்பதோ, பெண் பரீட்சைக்குப் படிப்பதோ, இராத்திரி வேலை பார்த்தவர் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வதோ நமக்குத் தெரிவதில்லை. சுவர் எழுப்பி வாழத் தொடங்கிய நமக்குக் கண்ணோட்டம் போதாது. 'செவியோட்டம்' என்று ஒன்றும் வேண்டும்: அடுத்தவர் காதால் நம் ஓசையைக் கேட்டுப் பார்க்கிற பழக்கம்.

அதற்குப் பெரிய தவம் ஒன்றும் தேவையில்லை. சுவரைக் கொத்துவதற்கு முன், தரையைத் தோண்டுவதற்கு முன், ஒரு தடவை மறுபக்கம் போய் உட்கார்ந்து கேட்டால் போதும். கேட்ட பிறகும் பதிக்கலாம் என்று தோன்றினால், பின்னால் கனமான பெட்டி வைத்து அடைத்து, உங்கள் அறைக்கும் உங்கள் அறைக்கும் நடுவே உள்ள சுவரில் பதித்துக்கொள்ளுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டில் நான்கு சதுர அடி மிச்சம் பிடிப்பது நல்ல காரியம்தான். அது யாருடைய நான்கு சதுர அடி என்று தெரிந்துகொண்டு மிச்சம் பிடிக்க வேண்டும்.